கோட்டக்குப்பத்துக் கணக்கு நோட்டு

(நமது நிருபர்)

பால்காரர் ஊற்றும் பாலை நாம் அளந்து பார்க்கிறோம். மளிகைக் கடையில் தராசை உற்றுப் பார்க்கிறோம். கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்காகப் பத்து நிமிஷம் வாதாடுகிறோம். ஆனால் மாதம் நாலாயிரம் ரூபாயை ஓசைப்படாமல் விழுங்கும் ஒரு ஜீவன் நம் வீட்டு வாசலில் நிற்கிறதே, அதனிடம் யாராவது கணக்குக் கேட்கிறோமா? "பெட்ரோல் போட்டேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால், "சரி" என்று தலையை ஆட்டி விடுகிறோம்.

ஆம், வீட்டுக் காரைத்தான் சொல்கிறேன்.

கணக்குக் கேட்டால் என்ன ஆகும் என்கிறீர்களா? கேட்டதனால் விலைக்குப் போக இருந்த காரையே மீட்டுக் கொண்ட ஓர் அம்மாளைச் சமீபத்தில் கோட்டக்குப்பத்தில் சந்தித்தேன். அவருடைய கதையை முதலில் கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டுக் காரைப் பற்றிப் பேசலாம்.

உப்பு வண்டி போன வழி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். மரக்காணத்தை நெருங்கினால் உப்புப் பாத்திகள் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி வைத்தாற்போல் மின்னுகின்றன. ஓரங்களில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

அந்தக் காலத்தில் உமணர் என்ற உப்பு வணிகர்கள் மாட்டு வண்டியில் உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போவார்கள். வழியில் அச்சு முறிந்து போனால் என்ன செய்வது என்று, வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டி எடுத்துச் செல்வார்களாம். புறநானூற்றில் ஔவையார் பாடிய பாட்டு ஒன்று இதைச் சொல்கிறது. இன்று நாம் டிக்கியில் வைத்திருக்கும் ஸ்டெப்னிக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி! பாரம் எவ்வளவு, மேடு எங்கே, மாட்டுக்கு எங்கே மூச்சு வாங்கும் என்பதெல்லாம் தெரியாமல் அவர்கள் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. மாட்டை அடித்து விரட்டுகிறவன் பாதி வழியில் நின்று போவான். காருக்கும் அதே நியாயம்தான். ஒரு வித்தியாசம், மாடு களைத்தால் நமக்குத் தெரியும். கார் களைப்பதில்லை, நம் பணப்பைதான் களைக்கிறது.

உப்பளம் தாண்டி, காலாப்பட்டு தாண்டி, புதுச்சேரிக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஒரு காலை ஊன்றினால் தமிழ்நாடு, மறு காலை எடுத்து வைத்தால் புதுச்சேரி. 1954 நவம்பர் முதல் தேதி வரையில் அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இன்று இரு பக்கமும் நம் நாடுதான். பெட்ரோல் விலைதான் மாறுகிறது! புதுச்சேரியில் வரி குறைவாகையால் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. எனவே கோட்டக்குப்பத்தில் கார் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கொண்டு வருவது வழக்கம். இந்த அம்மாளும் அப்படித்தான் செய்து வந்தார்.

"வண்டியை வித்துடலாம்!"

அம்மாளுடைய கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியார், காலேஜில் படிக்கும் மகன், பள்ளிக்கூடம் போகும் மகள். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு காலும் கையும் தளர்ந்து விட்டன. வாரம் இரண்டு நாள் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆட்டோவில் ஏறி இறங்குவது அந்த முதியவருக்குப் பெரும் பாடு. கார்தான் கதி.

கார் வாங்கியபோது கம்பெனிப் புத்தகத்தில் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அதை நம்பி மாதச் செலவுக்குத் திட்டம் போட்டார்கள். கொடுத்ததோ பதினொன்று! மாதம் நானூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இருபத்திரண்டு லிட்டர் எதிர்பார்த்த இடத்தில் நாற்பத்தொரு லிட்டர் ஆயிற்று.

"சென்னையிலேருந்து கொழுந்தனார் வந்தார், தம்பி. நோட்டைப் பார்த்தார். 'இது பழுதான வண்டி, அண்ணி. வித்துட்டு ஆட்டோவுக்குக் கொடுத்துடலாம்'னார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மாமியை ஆட்டோவிலே எப்படி ஏத்தறது?"

கொழுந்தனார் பொல்லாதவர் அல்ல. போவதற்கு முன் ஓர் உபாயமும் சொன்னார். அந்தக் காரில் 'ஈக்கோ', 'சிட்டி', 'ஸ்போர்ட்' என்று மூன்று ஓட்ட முறைகள் உண்டு. ஒரு பட்டனைத் தட்டினால் மாறும். மகன் எப்போதும் ஸ்போர்ட்டில்தான் ஓட்டுவான். "ஒரு மாசம் ஈக்கோவிலேயே ஓட்டிப் பாருங்க. அப்பவும் சரிப்படலைன்னா வித்துடலாம்" என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் ஈக்கோவில் ஓடிற்று. பதினொன்று, பதினொன்றே காலாயிற்று. அவ்வளவுதான். வண்டியின் தலையெழுத்து முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

உண்மையில் வண்டியின்மேல் ஒரு குற்றமும் இல்லை. எப்படி என்று பார்ப்பதற்கு முன், அந்த 'இருபது' எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

சமையல் புத்தகத்துக் கணக்கு

சமையல் புத்தகத்தில் 'ஆறு பேருக்கு' என்று போட்டிருக்கும். அதே அளவில் நீங்கள் செய்வீர்கள். உங்கள் வீட்டில் மூன்று பேருக்குப் பற்றாது! புத்தகம் பொய் சொல்லவில்லை. எழுதினவர் வீட்டுப் பிள்ளைகள் வேறு, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேறு.

கார்க் கம்பெனி சொல்லும் எண்ணும் இந்த ஜாதிதான். புனேயில் 1966-ல் ஏற்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில் காரை உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். சக்கரம் சுழலும், கார் நகராது. இத்தனை விநாடி நில், இத்தனை விநாடியில் இந்த வேகத்துக்குப் போ, பிறகு குறை என்று ஒரு கால அட்டவணை உண்டு. இந்தியாவில் பல்லாண்டுகளாக வழங்கிய அட்டவணைப்படி மொத்தம் ஏறக்குறைய இருபது நிமிஷம், பத்தரைக் கிலோமீட்டர் ஓட்டம். வேகம் ஒருபோதும் 90-ஐத் தாண்டாது. ஏர்கண்டிஷன் போடுவதில்லை. குண்டும் குழியும் இல்லை, குறுக்கே வரும் மாடு இல்லை, எதிர்க் காற்று இல்லை, மாமியாரும் சக்கர நாற்காலியும் இல்லை!

எதற்கு இப்படி ஒரு சோதனை? இரண்டு கார்களை ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பதற்கு. இந்தக் கார் இருபது, அந்தக் கார் பதினாறு என்றால், உங்கள் தெருவிலும் முன்னது சிக்கனமாக இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அந்த இருபது அப்படியே உங்களுக்குக் கிடைக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

இந்த வருத்தம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஜனங்கள் முறையிட்டதன்பேரில், 1985-ம் வருஷத்துக் கார்கள் முதல், சோதனையில் கிடைத்த நகர எண்ணில் நூற்றுக்குப் பத்தும், நெடுஞ்சாலை எண்ணில் நூற்றுக்கு இருபத்திரண்டும் கழித்துத்தான் அச்சிட வேண்டும் என்று சர்க்கார் விதித்தது. 2008-ம் வருஷத்துக் கார்களிலிருந்து வேகமான ஓட்டம், ஏர்கண்டிஷன் ஓட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவில் சோதனைச் சாலைக்கும் நிஜச் சாலைக்கும் உள்ள வித்தியாசம் 2001-ல் நூற்றுக்கு எட்டுப் போல் இருந்தது, 2017-க்குள் முப்பத்தொன்பதாக வளர்ந்து விட்டதென்று ஓர் ஆராய்ச்சி அமைப்பு எடுத்துக் காட்டிற்று. அந்த 2017-லேயே அங்கே பழைய சோதனையை மாற்றி, கடுமையான புதிய சோதனையைக் கொண்டு வந்தார்கள். அதன் பின்னும் வித்தியாசம் அற்றுப் போகவில்லை. 2021-ல் பதிவான கார்களை நிஜ ஓட்டத்தில் கணக்கெடுத்தபோது, சொன்னதைவிட நூற்றுக்கு இருபது போல் கூடுதலாகவே குடித்தன.

ஆகவே இருபது சொன்ன இடத்தில் பதினைந்து, பதினாறு கிடைத்தால் சண்டை போடாதீர்கள். ஆனால் பதினொன்று? அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

பட்டன் என்ன செய்கிறது?

பழைய அம்பாஸிடரில் காலால் மிதிக்கும் ஆக்ஸிலேட்டர் நேரே என்ஜினோடு இணைந்திருந்தது. மிதித்த அளவுக்குப் பெட்ரோல். இந்தக் காலத்துக் கார்களில் அப்படி இல்லை. மிதிப்பது, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிப் போடும் மனு. எவ்வளவு கொடுப்பது என்று அது தீர்மானிக்கிறது.

ஸ்போர்ட் என்ற குமாஸ்தா தாராளப் பிரபு. நீங்கள் நாலணா கேட்டால் எட்டணா சாங்ஷன் செய்வார். ஆட்டோமாட்டிக் வண்டியாக இருந்தால் சீக்கிரம் மேல் கியருக்குப் போகவும் விடமாட்டார். என்ஜின் உறுமிக்கொண்டே சுழலும். ஈக்கோ என்ற குமாஸ்தா கையை இறுக்கிப் பிடிப்பவர். எட்டணா கேட்டால் முதலில் நாலணாதான். சீக்கிரமே மேல் கியருக்கு மாற்றிவிடுவார். சில கார்களில் ஏர்கண்டிஷன் வேலையையும் கொஞ்சம் மட்டுப்படுத்துவார். சிட்டி இருவருக்கும் நடுவே.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈக்கோ புதிதாகப் பெட்ரோலை உண்டாக்குவதில்லை. பதற்றமாக மிதிக்கும் காலைக் கொஞ்சம் சாந்தப்படுத்துகிறது, அவ்வளவே. ஏற்கெனவே நிதானமாக மிதிக்கிறவருக்கு அதனால் அதிக லாபமில்லை. "என்ன இது, வண்டி இழுக்கவே மாட்டேனென்கிறதே!" என்று இன்னும் ஆழமாக மிதிக்கிறவருக்கோ, மனு இரண்டு தடவை போகிறது, கொடுக்கவேண்டியதைக் குமாஸ்தா கடைசியில் கொடுத்தே தீர்க்கிறார். நம் அம்மாள் வீட்டில் நடந்தது இதுதான். மகன் ஈக்கோவில் போட்டான், காலை மாற்றவில்லை.

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு ஒன்று சொல்கிறேன். திடீரென்று வேகம் எடுத்து, திடீரென்று பிரேக் போட்டு ஓட்டினால், நெடுஞ்சாலையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரையிலும், நின்று நின்று போகும் நகரத்தில் பத்து முதல் நாற்பது வரையிலும் மைலேஜ் குறையும். எந்தப் பட்டனும் இதை ஈடு செய்யாது. நீங்கள் பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு தடவையும், சற்று முன் காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிறீர்கள். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் காலை எடுத்துவிட்டால் அந்தச் செலவில் ஒரு பகுதி மிச்சம்.

இங்கே பழைய டிரைவர்களின் வழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். இறக்கத்திலும், சிக்னலை நெருங்கும்போதும் நியூட்ரலில் போட்டு உருட்டுவார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இப்போதைய வண்டிகளில் கியரிலேயே விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வேகம் நன்றாகத் தணியும் வரையில் என்ஜினுக்குப் பெட்ரோல் அடியோடு நின்றுவிடுகிறது. சக்கரமே என்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிக் கொண்டே இருக்கும். என்ஜினின் பிடிப்பும் போய்விடும். செலவும் உண்டு, ஆபத்தும் உண்டு!

நோட்டு பேசிற்று

இனி கதைக்கு வருவோம். அம்மாளின் நோட்டு பழைய பள்ளிக்கூட நோட்டு. தேதி, வண்டியின் கிலோமீட்டர் எண், போட்ட லிட்டர், கொடுத்த ரூபாய் என்று நான்கு பத்தி. ஒவ்வொரு தடவையும் டாங்கை நிரப்பித்தான் வாங்குவார். கணவர் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதினொன்று, பத்தே முக்கால், பதினொன்று... நடுவில் ஓர் இடத்தில் பதின்மூன்றரை! அது எந்த நாள்? யோசித்துப் பார்த்தார். மாமியாருக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகாத சமயம். பள்ளிக்கூடமும் கடைத்தெருவும்தான் வழக்கம்போல்.

"அப்பதான் மனசிலே பட்டுச்சு, தம்பி. ஆஸ்பத்திரி என்ன, பெட்ரோலையா குடிக்குது?"

ஆஸ்பத்திரி குடிக்கவில்லை. மாமியாரை அழைத்துக்கொண்டு அம்மாள் உள்ளே போவார். பயிற்சி முடிய ஒரு மணிக்கு மேல் ஆகும். மகன் காரில் காத்திருப்பான். வெயில், புழுக்கம், கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஏர்கண்டிஷனில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்!

சின்ன என்ஜின்கூடச் சும்மா நின்று ஓடும்போது மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஏர்கண்டிஷனும் சேர்ந்தால் மேல்கணக்குத்தான். வாரம் இரண்டு தடவை என்றால் மாதத்துக்கு ஒன்பது பத்து மணி நேரம். அதாவது ஏழெட்டு லிட்டர். ஒரு கிலோமீட்டர்கூட நகராமல்! ஈக்கோ பட்டன் இதை என்ன செய்ய முடியும்? ஓடாத வண்டிக்கு ஓட்ட முறை ஏது?

"கேட்டதும் பையன் உத்தரத்தைப் பார்த்தான்" என்று சொல்லிச் சிரித்தார் அம்மாள். பக்கத்தில் நின்றிருந்த பையன் இப்போதும் உத்தரத்தைத்தான் பார்த்தான்.

சிக்னலில் நிற்பதற்கும் இதே கணக்குத்தான். பத்து விநாடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால், அணைத்து மறுபடி கிளப்புவதே சிக்கனம் என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சின்னச் சின்னத் திருடர்கள்

பெரிய திருடனைப் பிடித்தாயிற்று. மற்றவர்களையும் பார்த்து விடுவோம்.

குறுகிய பயணம்: கடைக்கு ஒரு கிலோமீட்டர், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு. என்ஜின் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடும். ஆறிய தோசைக்கல்லில் முதல் தோசைக்கு ஆகும் நேரத்தையும் எண்ணெயையும் நினைத்துக் கொள்ளுங்கள். மூன்று வேலையை ஒரே பயணத்தில் முடித்தால் கல் ஒரே தடவை காய்ந்தால் போதும்.

ஏர்கண்டிஷன்: கடும் வெயிலில், அதுவும் சிறிய பயணத்தில், மைலேஜில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேலும் பறித்துவிடும். வெயிலில் நின்ற காருக்குள் ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து இரண்டு நிமிஷம் வெப்பத்தை வெளியேற்றிவிட்டுப் பிறகு போடுங்கள். தெருவில் மெதுவாகப் போகும்போது ஜன்னல் திறந்திருப்பதே சிக்கனம். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த ஜன்னல் காற்றைத் தடுத்து இழுக்கும். அங்கே ஏர்கண்டிஷனே மேல்.

டயர் காற்று: மாதம் ஒரு தடவையாவது, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்று டிரைவர் பக்கத்துக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். அம்மாளின் காரில் நாலு டயரிலும் காற்றுக் குறைவு! சிக்கனம் கிடக்கட்டும், வேகத்தில் டயர் சூடேறி வெடித்தால்?

பாரம்: ஐம்பது கிலோ கூடினால் நூற்றுக்கு ஒன்று போல் குறையும். டிக்கியில் தூங்கும் பழைய பேப்பர் கட்டையும் அரிசி மூட்டையையும் இறக்கி வையுங்கள். கூரைமேல் பெட்டி கட்டுவது அதைவிட மோசம். நெடுஞ்சாலையில் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து வரை தின்றுவிடும்.

புதுப் பெட்ரோல்: நம் நாட்டில் 2025-ல் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால் என்ற அளவை எட்டினார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதற்கேற்ப அமைத்த கார்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டும், மற்றவற்றில் மூன்று முதல் ஆறு வரையிலும் மைலேஜ் குறையலாம் என்பது பெட்ரோலிய அமைச்சகத்தின் மதிப்பு. இதற்காகவும் வண்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

கடற்கரைச் சாலையில் காற்றோடு மல்யுத்தம்

கொழுந்தனாரின் கணக்கும் அன்று வெளியாயிற்று. அவர் சென்னையிலிருந்து வரும்போது நல்ல சாலை, நின்று போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் அவருக்குப் பதினாலுக்கு மேல் கிடைப்பதில்லை. காரணம் வேகம்.

காற்றின் எதிர்ப்பு, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். 80-லிருந்து 100-க்கு ஏறினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்று வெகு காலமாய்ச் சொல்லி வருகிறது. நெடுஞ்சாலையில் அவ்வளவு நிதானம் எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனால் வேகவரம்புப் பலகையை மதித்துச் சீராகப் போனால், இந்த நூற்றைம்பது கிலோமீட்டரில் நாம் இழப்பது இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் இராது. மரக்காணத்தில் ஒரு காப்பிக்கு ஆகும் நேரம்!

இன்னொன்று: ஈக்கோவில் போகும்போது பஸ்ஸையோ லாரியையோ தாண்டிப் போக நினைத்தால் வண்டி சட்டென்று பாயாது. எதிரே வண்டி வருகிற சாலையில் இது பொல்லாத விஷயம். முன்னதாகவே சிட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது தாண்டாமல் பின்னாலேயே போங்கள். அரை லிட்டர் பெட்ரோல் எந்த உயிருக்கும் ஈடாகாது.

எல்லை லாபமும் கால் லாபமும்

இப்போது அம்மாளின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். எளிதாக இருக்க, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றும், எல்லை தாண்டினால் ஐந்து ரூபாய் மலிவு என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் நாற்பத்தொரு லிட்டருக்கு எல்லை லாபம் இருநூற்றைந்து ரூபாய். என்ஜினை அணைத்து வைத்து, டயருக்குக் காற்றடித்து, நிதானமாக ஓட்டிப் பதினொன்றைப் பதின்மூன்றே முக்காலாக்கினால், நாற்பத்தொரு லிட்டர் முப்பத்து மூன்றுக்கும் குறைந்துவிடும். மிச்சம் எண்ணூறு ரூபாய்க்கு மேல்! எல்லையில் கிடைத்ததைப்போல் நான்கு மடங்கு, காலடியிலேயே கிடந்திருக்கிறது.

புதுச்சேரியில் வாங்குவதை அவர் விடவில்லை, விடுவானேன்? ஆனால் அதற்கென்று தனியாகப் புறப்படுவதில்லை. ஆஸ்பத்திரி போகும் நாளிலேயே போட்டுக்கொள்கிறார்.

உங்கள் வீட்டு நோட்டு

இதே காரியத்தை நீங்களும் நாளைக்கே தொடங்கலாம்.

பங்கில் டாங்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் முதல் தடவை தானாக 'டக்' என்று நின்றதும் போதும். அதற்குமேல் திணிக்க வேண்டாம். வண்டியில் 'டிரிப்' மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடியபின், முடிந்தால் அதே குழாயில், அதே போல் முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் உண்மையான மைலேஜ். ஒரு தடவையை நம்பாதீர்கள். மூன்று தடவைக்குச் சராசரி பாருங்கள். வண்டியின் கண்ணாடித் திரையில் தெரியும் எண் சற்றுத் தாராளமாகவே சொல்லக்கூடும். நோட்டு அப்படிச் சொல்லாது.

ஐந்தாவதாக ஒரு பத்தி போடுங்கள்: 'எங்கே போனோம், யார் ஓட்டினார்.' குடும்பத்தில் சில சுவையான உண்மைகள் வெளிவரும் என்று எச்சரிக்கை செய்கிறேன்! இத்தனைக்கும் பிறகு மைலேஜ் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால், அப்போது மெக்கானிக்கிடம் போங்கள். நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். "என்னமோ குறையுது" என்பதற்கும், "மார்ச் வரை பதினாலு, ஏப்ரலில் பன்னிரண்டு" என்பதற்கும் அங்கே கிடைக்கும் மரியாதையே வேறு.

கோட்டக்குப்பத்துக் கார் விலைக்குப் போகவில்லை. மூன்று மாதமாகப் பதின்மூன்றரைக்கும் பதினாலுக்கும் நடுவே கொடுத்து வருகிறது. கொழுந்தனார் நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், தம் வண்டிக்கும் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போனாராம். பையன் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறான்.

விடைபெறும்போது நோட்டில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி நாட்களுக்கு எதிரே மட்டும் சின்னதாக ஒரு நட்சத்திரம். என்னவென்று கேட்டேன்.

"பயிற்சி முடிஞ்சு மாமி வெயில்லே தளர்ந்து வருவாங்க, தம்பி. அஞ்சு நிமிஷம் முன்னாடியே பையன் வண்டியைக் கிளப்பி, ஏ.சி. போட்டு வைப்பான். ஏறி உட்கார்ந்ததும், 'அல்ஹம்துலில்லாஹ்'ன்னு ஒரு மூச்சு விடுவாங்க. அதுக்கு ஆகிற பெட்ரோல் அது. அதை நான் வீண்செலவிலே சேர்க்கலை."

வீணாகப் போவது எது, மனமறிந்து செலவிடுவது எது என்று பிரித்துக் காட்டுவதற்குத்தானே கணக்கு! அந்த நட்சத்திரத்தை எந்தச் சோதனைச் சாலையும் போட்டுக் கொடுக்காது. வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்தான் போடவேண்டும்.